ராக்கெட் செலவும் வீட்டுக் கணக்கும்

வாங்கிய பிறகு சொல்லும் காரணம் எதுவும் வீட்டில் எடுபடாது. பார்சலைப் பிரித்து அட்டைக் குழாயும் பிளாஸ்டிக் மூக்கும் மேஜை மேல் கிடக்கும்போது "ஏனுங்க, இது எவ்வளவுங்க?" என்று கேட்டால், உள்ள தொகையைச் சொன்னாலும் ஒளித்து வைத்திருந்து சொன்னது மாதிரிதான் தோன்றும். மாடல் ராக்கெட் மேல் ஆசை வந்தவர்கள் இந்தப் பேச்சை முன்கூட்டியே, சாயங்காலம் டீ போட்டு இருவரும் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பேசிவிட வேண்டும். ஆசை கணவருக்கு, கேள்வி மனைவிக்கு என்று வைத்து எழுதுகிறேன். மாற்றி வைத்துப் படித்தாலும் கணக்கு ஒன்றுதான்.

கேள்வி கேட்பவரை எதிராளியாக நினைக்க வேண்டாம். ராக்கெட்டுக்குக் கணக்குச் சொல்லும் வேலை ராக்கெட் அளவுக்கே பழையது. அமெரிக்காவில் ராபர்ட் கோடார்ட் கல்லூரி ஆசிரியர். சம்பளத்திலிருந்து எடுத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். 1916 வாக்கில் கட்டுப்படியாகவில்லை. ஸ்மித்ஸோனியன் நிறுவனத்துக்கு எழுதினார். என்ன செய்கிறீர்கள், எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்கள். பொறுமையாக விளக்கி எழுதினார். 1917-இல் 5,000 டாலர் ஒதுக்கினார்கள். 1926 மார்ச் 16 அன்று மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஆபர்னில், உறவினரின் பண்ணையில், திரவ எரிபொருளில் ஓடிய உலகின் முதல் ராக்கெட்டை விட்டார். பறந்தது இரண்டரை நொடி. ஏறியது 41 அடி. நம்மூர் நெட்டைத் தென்னையின் குருத்தைக்கூடத் தொட்டிருக்காது.

அன்றைக்குக் கேமராவோடு நின்றவர் அவர் மனைவி எஸ்தர். அந்தக் கேமராவுக்குச் சாவி கொடுத்தால் ஏழு நொடிதான் ஓடும். ராக்கெட் உடனே கிளம்பாமல் தாமதித்ததில், கிளம்பும் முன்பே கேமரா நின்றுவிட்டது. அதன் பிறகும் பல வருடங்கள் படம் எடுத்தவர் எஸ்தர்தான், பாராசூட் தைத்தவரும் அவர்தான். கோடார்ட் 1945-இல் காலமானார். அவர் பெயரில் உள்ள 214 காப்புரிமைகளில் 131, அவர் போன பிறகு எஸ்தரின் முயற்சியால் கிடைத்தவை. அந்தப் பண்ணையில் எஸ்தருக்கென்று ஒரு வேலை இருந்தது என்பதை மட்டும் இப்போதைக்கு மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எதற்குப் பணம் கேட்கிறோம் என்பது நமக்கே தெளிவாக இருக்க வேண்டும். மாடல் ராக்கெட் என்றால் அட்டைக் குழாய் உடல், பால்சா மரச் சிறகு, மூக்கு, உள்ளே மடித்து வைத்த பாராசூட். அடியில் விரல் நீளத்துக்கு ஒரு மோட்டார். இதை 1954-இல் முதலில் செய்து விட்டவர்கள் நெப்ராஸ்கா மாநிலத்தில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைலும் அவர் சகோதரர் ராபர்ட்டும். ஸ்புட்னிக் பறந்த 1957-ஐ ஒட்டி, வீட்டிலேயே மருந்து கலந்து இரும்புக் குழாயில் அடைத்துக் கை கால் போன சிறுவர்களைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதியவர் ஹாரி ஸ்டைன். ஏவுதளத்தில் பாதுகாப்பு வேலை பார்த்தவர். கார்லைல் தன் அட்டை ராக்கெட்டை அவருக்கு அனுப்பி வைத்தார். மருந்தைக் கையால் தொடவே தேவையில்லாமல், தொழிற்சாலையில் அடைத்த மோட்டாரைச் செருகி விடும் பொழுதுபோக்கு அப்படித்தான் பிறந்தது. 1958-இல் வெர்ன் எஸ்டஸும் மனைவி கிளீடாவும் டென்வரில் அந்த மோட்டாரைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள்.

மோட்டாரின் மேல் 'சி6-5' என்கிற மாதிரி ஒரு குறி இருக்கும். இந்தக் குறியை வீட்டில் விளக்கிச் சொல்லுங்கள், ஏனென்றால் செலவு ஏறும் ஏணி அதில்தான் இருக்கிறது. 6 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டன் கணக்கில். 5 என்பது எரிந்து முடித்த பிறகு பாராசூட்டை வெளியே தள்ள எடுக்கும் நொடிகள். எழுத்துதான் மோட்டாரின் மொத்த வலு. 'ஏ' என்றால் அதிகபட்சம் 2.5 நியூட்டன்-நொடி, 'பி' 5, 'சி' 10, 'டி' 20. எழுத்துக்கு எழுத்து இரட்டிப்பு. ஆசையும் அதே வேகத்தில் இரட்டிக்கும். 'ஜி' எழுத்தைத் தாண்டினால் அமெரிக்காவிலேயே சான்றிதழ் எடுத்தவருக்குத்தான் விற்பார்கள். வீட்டுக்காரம்மாவின் பயம் முதல் ராக்கெட்டின் விலையைப் பற்றியதாக இருக்காது. நான்காவது ராக்கெட்டின் விலையைப் பற்றியது. கேமரா வாங்கியவர் வீட்டில் லென்ஸ் ஏறியதை அவர் பார்த்திருப்பார். அந்தப் பயம் நியாயமானது, "இதோடு சரி" என்கிற வாய்ச்சொல்லால் தீராது.

நம் நாட்டில் இந்த ஏணியின் முதல் படியிலேயே ஒரு பூட்டு இருக்கிறது. மோட்டாரில் உள்ளது கருமருந்து. 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும் அதன் மேல் நிற்கின்றன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்னும் மத்திய அமைப்பு உரிமம் கொடுத்தால்தான் தயாரிக்கலாம், இறக்குமதி செய்யலாம். தபாலில் வரவழைக்கும் சாமான் இல்லை இது. வீட்டில் கலப்பதைப் பற்றி ஒரே சொல்தான்: கூடாது. யூடியூபில் யார் என்ன காட்டினாலும் கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், விரல் போனால் வராது. வீட்டில் பேசும்போது இதை நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள். "ஆபத்தில்லையே?" என்று அவர் கேட்டு நீங்கள் பதில் சொல்வதைவிட, எது வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்திருப்பதை அவர் கேட்பது நல்லது.

மிச்சம் இருப்பது தண்ணீர் ராக்கெட். இதைக் குழந்தைகள் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நெருப்பைத் தவிர ராக்கெட்டின் பாடம் முழுவதும் இதில் இருக்கிறது. இரண்டு லிட்டர் கலர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றித் தலைகீழாக வைத்து, காற்றடித்துத் திறந்துவிட வேண்டும். அழுத்தப்பட்ட காற்று தண்ணீரைக் கீழே தள்ளும், தண்ணீர் பாட்டிலை மேலே தள்ளும். தண்ணீர் முழுவதும் வெளியேறக் கால் நொடிகூட ஆகாது. காற்று மட்டும் போதாதா என்றால், காற்றுக்கு எடை மிகக் குறைவு, உதைக்க ஏதாவது கனமாக வேண்டும். தண்ணீரை நிறைய ஊற்றினால் காற்றுக்கு இடம் இருக்காது, பாட்டிலும் கனக்கும். மூன்றில் ஒரு பங்கு என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கும் அளவு. ஒழுங்காகச் செய்த ராக்கெட் முப்பது நாற்பது மீட்டர் ஏறும். கோடார்டின் 41 அடியைப் போல மூன்று மடங்கு.

கோயம்புத்தூரில் இருப்பவருக்கு இதில் ஒரு வசதி. மோட்டார் பம்பும் சொட்டுநீர்க் குழாயும் விற்கிற ஊர். ராக்கெட் பட்டறைக்கு வேண்டிய சாமான் எல்லாம் பைப் கடையிலேயே கிடைக்கும். கடைக்குப் போகும்போது வெறும் பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள். அரை இஞ்ச் என்று கேட்டால் சுடுதண்ணீருக்குப் போடும் மெல்லிய குழாயும் வரும், தோட்டத்துக்குப் போடும் குழாயும் வரும், கெட்டியான யூபிவிசியும் வரும். மூன்றுக்கும் வெளி விட்டம் வேறு. பாட்டில் வாய்க்குள் ஆடாமல் சரக்கென்று நுழைகிறதா என்று அங்கேயே நுழைத்துப் பாருங்கள். அரை இஞ்ச் யூபிவிசியின் வெளி விட்டம் 21 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், பாட்டில் வாயின் உள் விட்டத்துக்கு ஏறக்குறையச் சரியாக இருக்கும். குழாயின் மேல் ஒரு ஓ-ரிங் உட்கார வேண்டும், காற்றுக் கசியாமல். அதற்குப் பள்ளம் வெட்ட, கணபதியிலோ பீளமேட்டிலோ தெரிந்த லேத் பட்டறை இருந்தால் கொடுத்துக் கடைந்து வாங்கிவிடலாம். குழாயின் மறுமுனையில் எண்ட் கேப் போட்டு, பஞ்சர் கடையில் கிடைக்கும் டியூப்லெஸ் டயர் வால்வை அதில் பொருத்தினால் காற்றடிக்கும் வழி முடிந்தது.

பாட்டிலைப் பிடித்து வைத்திருப்பது கேபிள் டை. குழாயைச் சுற்றி பத்துப் பன்னிரண்டு கேபிள் டைகளை நெருக்கமாக நிறுத்திக் கட்டினால், அவற்றின் தலைகள் பாட்டில் கழுத்து வளையத்தைக் கவ்வும். அந்தத் தலைகள் விரியாமல் மேலே ஒரு பெரிய குழாய்த் துண்டை வளையமாக மாட்ட வேண்டும். தூரத்தில் நின்று கயிற்றை இழுத்தால் வளையம் கீழே இறங்கும், தலைகள் விரியும், பாட்டில் போய்விடும். இயன் கிளார்க் என்பவர் பெயரால் உலகெங்கும் வழங்கும் முறை இது. பள்ளிக்கூடப் பையன்கள் கார்க் அடைத்து விடுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், எப்போது கிளம்ப வேண்டும் என்பதை நாம் முடிவு செய்கிறோம்.

இப்போது செலவு. அழுத்தம் காட்டும் மீட்டரோடு கூடிய, நின்று அடிக்கும் பம்புதான் பெரிய தொகை. குழாய், எல்போ, ஒட்டும் சொல்யூஷன், ஓ-ரிங், கேபிள் டை, லேத் கூலி, சிறகு வெட்ட சன் போர்டு எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் அடக்கிவிடலாம். பம்பு சைக்கிளுக்கும் ஆகும், வண்டிக்கும் ஆகும். பாட்டில் சும்மா கிடைக்கிறது. நோட்டில் எழுதும்போது தங்கும் சாமானைத் தனியாகவும், தேய்ந்து போகும் சாமானைத் தனியாகவும் எழுதுங்கள். பம்பும் ஏவுமேடையும் வருடக்கணக்கில் நிற்கும். பாட்டிலை அப்படி நம்ப முடியாது. வெயிலில் கிடந்ததும், மூக்கு நசுங்கியதும், கீறல் விழுந்ததும் குப்பைக்கு.

இந்தக் கணக்கில் பலர் எழுத மறந்துவிடும் பெரிய செலவு பெட்ரோல். ஊருக்குள் ராக்கெட் விட இடமில்லை. பீளமேட்டில் விமான நிலையம், சூலூரில் விமானப்படைத் தளம், அந்தச் சுற்றுவட்டாரத்தில் நினைத்தும் பார்க்கக் கூடாது. தென்னந்தோப்பில் விட்டால் திரும்பி வராது. மின்கம்பி இல்லாத, அறுப்பு முடிந்த மேட்டுக்காடு வேண்டும். தெரிந்தவர் காடு என்றால் நல்லது, அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். காரில் போய் வரும் எண்ணெய்க் காசு ஒரு வருடத்தில் ராக்கெட் காசைத் தாண்டிவிடும். இதை எழுதாமல் விட்ட கணக்கு பொய்க்கணக்கு.

பெட்ரோலைவிட விலை கூடியது ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் வருத்தம் வருவதே பெரும்பாலும் இதனால்தான் என்பது என் எண்ணம். ரூபாயைக் காட்டிக் கேட்டாலும் கேட்பது நேரத்தைத்தான். வாரம் முழுவதும் மில்லிலோ கம்பெனியிலோ இருந்துவிட்டு, கறி எடுத்துச் சமைக்கும் ஒரு நாளிலும் ஆள் காட்டில் நின்றால் யாருக்கும் பிடிக்காது. இதற்கு நம் பக்கத்துக் காற்றே ஒரு வழி செய்து கொடுத்திருக்கிறது. வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று சும்மா விடாது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் அத்தனை நிற்பது அதனால்தான். மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் காற்றடித்தால் ராக்கெட் விடக் கூடாது என்பது அமெரிக்க மாடல் ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதி. தண்ணீர் ராக்கெட்டுக்கு அதில் பாதியே அதிகம், காற்று வரும் பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு அடுத்தவர் காட்டில் போய் விழும். ஆகவே ஆனி, ஆடியில் அந்த ஞாயிறுகளை முழுதாக வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். காற்று அடங்கும் மார்கழியில் முகூர்த்தமும் கிடையாது, கல்யாண வீட்டுக்கு ஓட வேண்டியதில்லை. மார்கழி, தை, மாசி மூன்று மாதம், வெயில் ஏறுவதற்குள் காலை இரண்டு மணி நேரம். இப்படி முன்கூட்டியே காலண்டரில் குறித்துக் கொடுத்தால், எதற்குச் சம்மதிக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும்.

சில வாதங்களைச் சொல்ல வேண்டாம் என்பேன். "பையன் நாளைக்கு விஞ்ஞானி ஆவான்" என்பது அதில் முதலாவது. பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை 2008-இல் நிலவுக்குப் போன சந்திரயான்-1-இன் திட்ட இயக்குநர். கரூர் மாவட்டம் பள்ளப்பட்டி ரிஃபாத் ஷாரூக் 64 கிராம் எடையில் செய்த கலாம்சாட், 2017 ஜூன் 22 அன்று நாசாவின் ராக்கெட்டில் ஏறியது. இரண்டும் பெருமைதான். அவற்றைக் காட்டி நம் ஆசைக்குப் பணம் கேட்டால், அந்தக் கடனைக் குழந்தை தலையில் எழுதுகிறோம். நாளைக்கு அது கணக்குப்பிள்ளை வேலைக்குப் போனால் ராக்கெட் செலவு நஷ்டம் என்று ஆகிவிடும். ஆசை நம்முடையது என்றால் நம்முடையது என்றே சொல்லிக் கேட்பதுதான் மரியாதை.

இரண்டாவது, ஜி.டி. நாயுடு. கோயம்புத்தூரில் எதைப் பிரித்துப் போட்டாலும் அவர் பெயரைச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. கலங்கலில் 1893-இல் பிறந்தவர், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, பிறகு அதையே வாங்கி, கழற்றி, மறுபடி பூட்டிப் படித்தார். எல்லாரும் சொல்வது கழற்றிப் பூட்டிய கதையை. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்திய பகுதி. அந்த வண்டியை வாங்கக் கோயம்புத்தூர் ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்தார். சேர்த்தார், பிறகு வாங்கினார். அந்த வரிசைதான் நமக்கு வேண்டியது. பல தோட்டத்து வீடுகளில் பால் காசு வீட்டம்மா கையில் தனியாக நிற்கும், அதில் யாரும் கை வைப்பதில்லை. ராக்கெட்டுக்கும் மாதம் முந்நூறு என்று வைத்தால் முந்நூறு, தனி டப்பாவில். டப்பா நிறையும் வரை எதுவும் வாங்குவதில்லை. நான்காவது ராக்கெட்டைப் பற்றிய பயத்துக்கு இதுதான் பதில்.

மூன்றாவது, "குடிக்கிறவனுக்கு இது தேவலை." இதைச் சொல்லவே கூடாது. குடிக்காமல் இருப்பதற்குக் கூலி கேட்பது மாதிரி இருக்கும்.

சொல்லக்கூடிய வாதம் ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. நோம்பி வந்தால் வீட்டுக்கு வீடு வரி போட்டு, சாமி வரும் ராத்திரி வாணம் விடுகிறோம். கால் மணி நேரத்தில் அத்தனை காசும் புகையாகிறது. வீண் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எல்லோரும் பணம் போட்டார்கள், எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள். மேலே போகிற ஒன்றைப் பார்ப்பதில் சந்தோஷம் இருக்கிறது, அதற்குப் பணம் செலவு செய்யலாம் என்று இந்த ஊர் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. தனியாக ஒருவர் மட்டும் போய் அந்தச் சந்தோஷத்தை எடுத்துக்கொண்டால்தான் உறுத்துகிறது.

எனவே எஸ்தரின் இடத்துக்கு வருவோம். தண்ணீர் ராக்கெட் விட இரண்டு பேர் உண்மையாகவே தேவை. விடுமுன் செய்யும் சோதனைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிய பாட்டிலை விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, எட்ட நின்று, விடப்போகும் அழுத்தத்தைவிட அதிகமாக அடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் சுருங்காது, அதனால் அதில் சக்தி தேங்காது. விரிசல் விட்டாலும் பீச்சி அடித்து நிற்கும், வெடித்துச் சிதறாது. காற்று வைத்து இதைச் செய்யவே கூடாது. ஒருவர் பம்பு அடிக்க, ஒருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். 60 பிஎஸ்ஐக்கு மேல் போக வேண்டாம், மீட்டர் மலிவானது என்றால் 50-லேயே நிறுத்துங்கள். கண்ணாடி இருவருக்கும் கட்டாயம். பிறகு சிறகு. ராக்கெட்டைச் சமநிலைப் புள்ளியில் நூலால் கட்டித் தலைக்கு மேல் சுழற்றினால் மூக்கு முன்னே போக வேண்டும். வால் முன்னே வந்தாலோ தடுமாறினாலோ மூக்கில் கொஞ்சம் களிமண் ஏற்ற வேண்டும், அல்லது சிறகைப் பெரிதாக்க வேண்டும். சுழற்றுபவருக்கு அது சரியாகத் தெரியாது, தள்ளி நிற்பவருக்குத்தான் தெரியும்.

உயரம் அளப்பது முழுக்க இரண்டாம் ஆளின் வேலை. ஜியோமெட்ரி பாக்ஸில் உள்ள பாகைமானியின் நடுப்புள்ளியில் நூல் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டால் கருவி தயார். ஏவுமேடையிலிருந்து 50 மீட்டரை டேப் பிடித்து அளந்து, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக வரும் பக்கத்தில் நிற்க வேண்டும். காற்றுக்கு நேரே நின்றால் ராக்கெட் அவரை நோக்கியோ விலகியோ ஒதுங்கும், அளவு கெட்டுவிடும். ராக்கெட் உச்சிக்கு வந்ததும் பாகைமானியின் நேர்விளிம்பு வழியாக அதைப் பார்த்து, நூலை விரலால் அமுக்கிவிட வேண்டும். நூல் 52 டிகிரியில் நின்றால், 90-இல் கழித்து 38. போனில் உள்ள கால்குலேட்டரில் 38-க்கு டேன் போட்டால் 0.78. அதை 50-ஆல் பெருக்கினால் 39 மீட்டர். கண் உயரம் ஒன்றரையைக் கூட்டினால் 40 மீட்டருக்குச் சற்று மேல். அடுத்த முறை தண்ணீரை நூறு மில்லி குறைத்து விட்டு, மறுபடி அளந்து, இரண்டையும் செலவு எழுதிய அதே நோட்டில் எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். கோணம் பார்த்தவர் சொல்லும் எண்தான் நோட்டில் ஏற வேண்டும். கயிற்றை இழுத்தவர் கண்மதிப்பாகச் சொல்லும் உயரத்தை ஏற்றக் கூடாது.